மூலையும் களமும்: அங்கன்வாடி வகுப்பறையின் கற்றல் பகுதிகள் குறித்த ஒரு திறனாய்வு (நாமகிரிப்பேட்டைச் சூழலை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

முன்பருவக் கல்வி வகுப்பறையைக் கட்டைகள், பொம்மைகள், கதை நூல்கள், கலை, வகைப்படுத்தல் எனத் தனித்தனிக் கற்றல் பகுதிகளாக அமைக்க வேண்டும் என்பது இந்தியக் கல்வி ஆவணங்கள் தொடர்ந்து வலியுறுத்தும் கருத்தாகும். இக்கருத்து, தமிழக அங்கன்வாடி மையத்தின் ஓரறைச் சூழலுக்கு எவ்வாறு பொருந்துகின்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது. கருத்தின் வரலாறு, அதனைக் குறிக்கும் தமிழ்ச்சொல், மரபிலக்கியம் காட்டும் விளையாட்டு வெளி, இடப்பரப்புக் கணக்கு, நாமகிரிப்பேட்டை வட்டாரத்தின் பொருட்சூழல் ஆகியன இங்குக் கருதப்பெறுகின்றன. ஒரு குழந்தை எவரையும் கேளாமல் ஒரு பொருளை எடுத்து, ஆண்டு, மீள வைக்க இயலுமா என்பதே கற்றல் பகுதியின் உரைகல் என்பதும், பகுதிகளின் எண்ணிக்கை அதற்கு அடுத்த நிலையிலேயே வைத்து எண்ணத்தக்கது என்பதும் கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: முன்பருவக் கல்வி, அங்கன்வாடி, கற்றல் பகுதி, சிற்றில், பிள்ளைத்தமிழ், வகுப்பறை வடிவமைப்பு, நாமகிரிப்பேட்டை.

1. முன்னுரை

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் இந்தியாவில் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்றது. இன்று தமிழகத்தில் மட்டும் குறு மையங்கள் உள்ளிட்ட ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. இத்துணைப் பெரிய அமைப்பின் அன்றாட வாழ்வு பெரும்பாலும் ஓர் அறைக்குள் நிகழ்கின்றது. குழந்தைகள் அவ்வறையில் உண்கின்றனர், உறங்குகின்றனர், எடை பார்க்கப்பெறுகின்றனர், பாடுகின்றனர், கற்கின்றனர். அவ்வறை எவ்வாறு அமைய வேண்டும் என்னும் வினா, கல்வியியல் ஏடுகளில் பேசப்பட்ட அளவிற்குத் தமிழ் ஆய்வுலகில் பேசப்படவில்லை. உணவு, சத்துக்குறை, பணியாளர் ஊதியம் ஆகியவை குறித்த ஆய்வுகள் பெருகியுள்ள நிலையில், அறையின் அமைப்பு ஒரு தொழில்நுட்பச் செய்தியாகவே எஞ்சியுள்ளது.

ஆயினும் அறையின் அமைப்பு ஒரு கருத்து நிலைப்பாடு. குழந்தைகளை வரிசையாக அமர்த்திக் கரும்பலகையை நோக்க வைக்கும் அறை, கல்வி என்பது பெரியவரிடமிருந்து வருவது என்று கூறுகின்றது. பொருள்களைச் சுற்றிலும் வைத்துக் குழந்தையைத் தேர்ந்தெடுக்க விடும் அறை, கல்வி குழந்தையின் கையிலும் தொடங்கக்கூடும் என்று கூறுகின்றது. 2019ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள், தமிழக அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியபோது இவ்விரு கருத்துகளும் ஒரே கட்டடத்தில் எதிர்ப்பட்டன. எழுத்தும் எண்ணும் எழுதும் வகுப்பா, ஆடியும் பாடியும் கற்கும் மையமா என்னும் அவ்வழக்கு இன்றும் முடியவில்லை. எனவே கற்றல் பகுதி என்னும் கருத்தை அதன் பெயரளவில் ஏற்றுக்கொள்ளாமல், அது எங்கிருந்து வந்தது, எவரை நோக்கி உருவானது, தமிழக ஓரறையில் அது எதனைச் செய்கின்றது என ஆராய்தல் இன்றியமையாததாகின்றது.

2. கருத்தின் வரலாறு

ஜெர்மனியைச் சேர்ந்த பிரெடரிக் புரோபெல் 1837இல் பாடு பிளாங்கன்பர்க்கில் சிறார்க்கான நிறுவனத்தைத் தொடங்கி, 1840இல் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பொருள்படும் பெயரை இட்டார். பந்து, உருளை, கனசதுரம் எனப் படிமுறையாக அமைந்த அவருடைய 'கொடைப்பொருள்கள்' விளையாட்டிற்கெனத் திட்டமிட்ட பொருளைக் கல்வியின் நடுவே வைத்தன. எனினும் அப்பொருள்களைப் பெரும்பாலும் ஆசிரியரே முறைப்படி வழங்கினார். 1907இல் உரோமின் சான் லோரென்சோ குடியிருப்பில் மரியா மாண்டிசோரி தொடங்கிய குழந்தைகள் இல்லம் இதனின்று ஓர் அடி முன்சென்றது. அலமாரியின் உயரம் குழந்தையின் உயரத்திற்கு இறங்கியது; பொருளைக் குழந்தையே எடுத்தது; தரையில் ஒரு விரிப்பை விரித்து அதுவே தன் பணியிடம் என எல்லை வகுத்தது. கற்றல் பகுதி என்னும் கருத்தின் கரு இவ்விரிப்பில்தான் உள்ளது எனலாம்.

மாண்டிசோரி 1939இல் பிரம்ம ஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றிற்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கினார். அவருடைய முறை உருப்பெற்ற வரலாற்றில் தமிழ் நிலத்திற்கும் ஒரு பங்குண்டு. ஆயின் அம்முறையின் பிற்காலத் தமிழக வாழ்வு, விலையுயர்ந்த மரப்பொருள்களை வாங்க வல்ல நகர்ப்புறத் தனியார் பள்ளிகளிலேயே பெரிதும் நிலைத்தது. சேரிக் குழந்தைகளுக்கெனத் தோன்றிய ஒரு முறை கட்டணப் பள்ளியின் அடையாளமாக மாறியது வரலாற்றின் முரணாகும்.

இம்முரணை இந்தியாவில் எதிர்கொண்டவர்கள் கிஜுபாய் பாதேகா, தாராபாய் மோடக், அனுதாய் வாக் ஆகியோராவர். 1920இல் பாவ்நகரில் பால மந்திரத்தைத் தொடங்கிய கிஜுபாய், மாண்டிசோரி முறையைக் கதை, நாட்டுப்பாடல் ஆகியவற்றுடன் இணைத்தார். தாராபாய் மோடக் 1945இல் மராட்டியக் கடற்கரை ஊராகிய போர்டியில் பணியைத் தொடங்கி, பள்ளிக்கு வாராத குழந்தைகளின் குடியிருப்பு முற்றத்திற்கே பள்ளியைக் கொண்டு சென்றார். கூழாங்கல், விதை, இலை, சிப்பி ஆகியன அங்குக் கற்றல் கருவிகளாயின. முற்றத்தைக் குறிக்கும் 'ஆங்கன்' என்னும் சொல்லிலிருந்தே அங்கன்வாடி என்னும் பெயர் பிறந்தது. மீனா சுவாமிநாதன் தலைமையிலான முன்பருவக் குழந்தை வளர்ச்சி ஆய்வுக்குழு 1972இல் அளித்த அறிக்கை, பின்னர் எழுந்த நாடளாவிய திட்டத்திற்கு அடித்தளமிட்டது.

இவ்வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. அங்கன்வாடி என்னும் பெயர் அறையைச் சுட்டவில்லை, முற்றத்தைச் சுட்டுகின்றது. திட்டம் விரிந்தபோது பெயர் நிலைத்தது. முற்றம் அறையாகச் சுருங்கியது. தமிழ் வழக்கில் இம்மையத்தைப் 'பால்வாடி' என்று அழைப்பது இன்றும் பெருவழக்கு. குழந்தையைக் குறிக்கும் வடசொல்லடியாக வந்த 'பால்' என்னும் முன்பகுதி, தமிழ்ச் செவியில் ஊட்டும் பாலாகவே ஒலிக்கின்றது. 1982ஆம் ஆண்டு சூலை 1ஆம் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் பின்னணியில் இவ்வொலிப்பொருள் மேலும் வலுவுற்றது எனக் கருதலாம். உணவளிக்கும் இடம் என்னும் பொருளே மக்கள் மனத்தில் முதன்மை பெற, கற்கும் இடம் என்னும் பொருள் பின்னிற்கின்றது.

3. 'மூலை' என்னும் சொல்

என்.சி.இ.ஆர்.டி. 2019இல் வெளியிட்ட முன்பருவப் பாடத்திட்டமும், 2022இல் வெளிவந்த அடிப்படைப் பருவத்திற்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் செயல்பாட்டுப் பகுதிகளை அமைக்கப் பரிந்துரைக்கின்றன. இவை தமிழில் 'செயல்பாட்டு மூலை', 'வாசிப்பு மூலை', 'பொம்மை மூலை' எனப் பரவலாக வழங்குகின்றன. ஆங்கிலச் சொல்லை நேரே பெயர்த்ததால் வந்த வழக்கு இது. மூலத்தில் அச்சொல் ஒதுக்கமும் அமைதியும் வாய்ந்த சிற்றிடத்தைக் குறிக்கின்றது. தமிழில் மூலை என்பதன் பொருட்சூழல் வேறு. பயன்படாத பொருளை மூலையில் போடுவர். தவறு செய்த மாணவனை மூலையில் நிறுத்துவர். துக்கம் காக்கும் கைம்பெண்ணை மூலையில் அமர்த்தினர். விலக்கப்பட்டவர்க்கும் விலக்கப்பட்டவற்றிற்கும் உரிய இடமாகவே மூலை தமிழர் பேச்சில் பயின்று வருகின்றது.

சொல்லின் இப்பொருள் வடிவமைப்பையும் பாதிக்கின்றது. மூலை என்று பெயரிட்டவுடன் அறையின் நான்கு கோணங்களில் பொருள்களை அடுக்கி, நடுப்பகுதியை வழக்கமான வகுப்பிற்கு விடுதல் இயல்பாகி விடுகின்றது. முதன்மைக் கல்வி நடுவில் நிகழ, எஞ்சிய நேரத்தில் செல்லும் இடமாகக் கற்றல் பகுதி ஒதுங்குகின்றது. இதற்கு மாற்றாகக் 'களம்' என்னும் சொல்லைக் கருதலாம். நெல்லடிக்கும் இடமும், கடலையும் மஞ்சளும் காயும் இடமும், ஆடும் இடமும் களமே. செயல் நிகழும் இடம் என்பதே அதன் அடிப்படைப் பொருள். சேலம், நாமக்கல் சமவெளிக் குழந்தைக்குக் களம் என்பது கண்ட சொல். அங்கு ஓடலாம், குவிக்கலாம், பரப்பலாம், வாரலாம். பெயர் மாற்றத்தால் மட்டும் அறை மாறிவிடாது. எனினும் வடிவமைப்பவர் எதனை நடுவில் வைக்கிறார் என்பதைப் பெயர் முடிவு செய்ய வல்லது.

4. மரபிலக்கியம் காட்டும் விளையாட்டு வெளி

கற்றல் பகுதி முற்றிலும் அயல்வரவு என்பதற்கும், அனைத்தும் நம் முன்னோரிடமே இருந்தன என்பதற்கும் இடைப்பட்ட ஒரு நிலையைத் தமிழ் மரபிலக்கியம் காட்டுகின்றது. பிள்ளைத்தமிழின் ஆண்பாற்குரிய இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. பெண்பாற்கு அம்மானை, கழங்கு அல்லது நீராடல், ஊசல் ஆகியன அமைகின்றன. இவற்றோடு சிறுசோறு அடுதல், வண்டற்பாவை செய்தல் ஆகிய விளையாட்டுகளையும் இலக்கியங்கள் பேசுகின்றன. பட்டினப்பாலை, சிறார் உருட்டும் மூன்று உருளைச் சிறுதேரைக் குறிப்பிடுகின்றது. இவற்றை இன்றைய கற்றல் பகுதிகளோடு ஒப்பிட்டால், சிற்றில் கட்டுமானப் பகுதியாகவும், சிறுசோறும் பாவையும் வீட்டு நடிப்புப் பகுதியாகவும், சிறுபறை இசைப் பகுதியாகவும், கழங்கு எண்ணும் கைத்திறனும் சார்ந்த பகுதியாகவும், நீராடல் நீர் விளையாட்டுப் பகுதியாகவும் பொருந்தி வருதல் காணலாம். சொப்புச் சாமானும் நடைவண்டியும் ஐந்தாங்கல்லும் இம்மரபின் அண்மைக்காலத் தொடர்ச்சிகளாகும்.

இவ்வொப்பீடு இத்துடன் நின்றால் அது பழம்பெருமைப் பட்டியலாகவே முடியும். திறனாய்வு கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று. சிற்றில் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பருவமாயினும், அச்சிற்றிலைக் கட்டுபவர் சிறுமியர். பாட்டுடைத் தலைவனாகிய சிறுவன் அதனைச் சிதைப்பவன். சிதைக்க வேண்டா என்று சிறுமியர் வேண்டுவதே அப்பருவத்தின் பொருள். கலித்தொகையின் குறிஞ்சிக்கலியிலும் (51) மணலில் இழைத்த சிற்றிலைக் காலால் சிதைத்த சிறுவனே பின்னர்க் காதலனாக வருகின்றான். நாச்சியார் திருமொழியிலும் இதே வேண்டுகோள் இடம்பெறுகின்றது. பெண் கட்டுவாள், சமைப்பாள். ஆண் சிதைப்பான், தேர் உருட்டுவான், பறை முழக்குவான் என்னும் பாகுபாடு விளையாட்டு வெளியிலேயே வரையப்பட்டுள்ளது.

இன்றைய வகுப்பறையில் பொம்மைப் பகுதியையும் கட்டைப் பகுதியையும் அமைத்துவிட்டுக் குழந்தைகளைத் தம் விருப்பிற்கு விட்டால், இப்பழைய எல்லை எவரும் வரையாமலே மீண்டும் தோன்றக்கூடும். சிறுமியர் சொப்புச் சாமான்களிடமும் சிறுவர் வண்டிகளிடமும் சென்று அமர்வர்; அதுவே இயல்பு என்றும் விளக்கம் கூறப்படும். எனவே மரபிலிருந்து பொருளை ஏற்கலாம், எல்லையை ஏற்கலாகாது. அடுப்புப் பொம்மையையும் கட்டைகளையும் ஒரே களத்தில் அடுத்தடுத்து வைத்தல் இதற்கு ஓர் எளிய வழி. வீடு கட்டுபவரே அதில் சமைக்கவும், சமைப்பவரே அதற்குச் சுவர் எழுப்பவும் அப்போது இயலும். சிறுமியின் கட்டடம் சிதைக்கப்படாமல் மறுநாள் வரை நிற்க ஓரிடம் ஒதுக்குவதும் வடிவமைப்பின் கடமையேயாகும்.

5. ஓரறையும் ஐந்து பகுதிகளும்

தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு மற்றும் கல்விக் கொள்கை (2013), 30 குழந்தைகளுக்குக் குறைந்தது 35 சதுர மீட்டர் வகுப்பறையும் 30 சதுர மீட்டர் வெளியிடமும் வேண்டும் என்கின்றது. மூன்று முதல் ஆறு வயதினருக்கு 20 குழந்தைக்கு ஒரு பெரியவர் என்பதும், அன்றாடக் கல்வி நேரம் மூன்று முதல் நான்கு மணி என்பதும் அதன் பிற அளவுகோல்கள். இவ்வளவை முழுமையாகப் பெற்ற ஒரு மையத்தையே எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், ஒரு குழந்தைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1.17 சதுர மீட்டர். ஐந்து பகுதிகளாகப் பிரித்தால், நடைவழிக்கு ஏதும் விடாத நிலையிலும், ஒரு பகுதிக்கு 7 சதுர மீட்டர். அதில் ஆறு குழந்தைகள். அலமாரி, எடைக்கருவி, பதிவேட்டு மேசை, மளிகைப் பொருள் இருப்பு ஆகியன அறைக்குள்ளேயே இருப்பின் இதுவும் குறையும். ஒரு குழந்தை படுக்க 0.6 சதுர மீட்டர் எனக் கொண்டாலும், முப்பது குழந்தைகள் உறங்க 18 சதுர மீட்டர் வேண்டும். அறையில் பாதிக்கு மேல் அதற்கே சென்றுவிடும்.

இக்கணக்கு காட்டும் முடிவு தெளிவானது. நிலையான தட்டிகளாலும் அலமாரிகளாலும் பிரிக்கப்பட்ட ஐந்து பகுதிகள், உண்பதற்கும் உறங்குவதற்கும் தனி அறைகள் உள்ள பள்ளிக்கு உரியவை. அங்கன்வாடி அறையில் பகுதி என்பது இடத்தால் மட்டுமன்றி நேரத்தாலும் வகுக்கப்பட வேண்டும். காலையில் களமாக விரிவது, நண்பகலில் பந்தியாகவும் பின்னர்ப் படுக்கையிடமாகவும் மாற வேண்டும். அதற்கேற்ற எல்லைக்கருவி பாயும் தடுக்கும் தரைக்கோடும் ஆகும். மாண்டிசோரியின் விரிப்பு தமிழர் வீட்டுப் பாயினின்று தொலைவில் இல்லை. பாண்டி ஆடும் குழந்தைகள், தரையில் கீறிய கோட்டை எல்லையாக மதிக்கப் பெரியவர் துணையின்றியே கற்றுக்கொள்கின்றனர். சுண்ணக்கோட்டால் வரையப்பட்ட ஒரு களமும், அதில் எத்தனை பேர் அமரலாம் என்பதைக் காட்டும் ஆறு பாதச் சுவடுகளும் நாற்காலி மேசைகளைக் காட்டிலும் இவ்வறைக்குப் பொருந்துவன.

இருக்கும் இடத்திற்குள்ளும் சில முறைகள் கடைப்பிடிக்கத் தக்கன. கதை நூலும் வகைப்படுத்தலும் ஆகிய அமைதிப் பணிகள், கட்டையும் பறையும் ஆகிய ஒலிப்பணிகளிலிருந்து விலகியிருத்தல் வேண்டும். வண்ணமும் நீரும் கைகழுவும் இடத்தருகே அமைதல் நன்று. கட்டைக்களம் வாயில் வழியில் அமையின் கட்டியவை கால்பட்டுச் சரியும். பொருள்கள் குழந்தையின் இடுப்புயரத்திற்கு மேற்படாத தட்டுகளில், மூடியில்லாப் பெட்டிகளில், படம் ஒட்டிய இடங்களில் இருத்தல் வேண்டும். இவையனைத்தும் செலவு குறைந்தவை; இவற்றுக்குத் தடையாக நிற்பது இடப்பற்றாக்குறை மட்டுமன்று என்பதைப் பின்வரும் பகுதிகள் விளக்கும்.

6. நாமகிரிப்பேட்டைச் சூழல்: பொருளும் ஐயமும்

நாமக்கல் மாவட்டத்தின் இராசிபுரம் வட்டத்தில், போதமலையும் கொல்லிமலையும் அருகமைந்த நாமகிரிப்பேட்டை மஞ்சள் வணிகத்தால் அறியப்பெற்ற ஊர். இங்கு ஏலத்திற்கு வரும் மஞ்சள் விரலி, உருண்டை, பனங்காளி என மூவகைப்படும். வடிவத்தையும் தன்மையையும் கண்டு பிரித்தறியும் இவ்வறிவு ஊரின் பொதுச்சொத்து. முன்பருவக் கணிதத்தின் முதற்படியாகக் கல்வியாளர் கூறும் வகைப்படுத்தல் என்பதும் இதுவே. வட்டாரத்தின் மரவள்ளி சார்ந்த சவ்வரிசித் தொழிலும் நாமக்கல்லின் கோழிப்பண்ணைத் தொழிலும் இதனோடு சேர்த்தெண்ணத் தக்கன. முப்பது முட்டை கொள்ளும் அட்டை, ஐந்தும் ஆறுமாக அமைந்த ஓர் எண் சட்டகம். அதன் ஒவ்வொரு குழியும் ஒரு பொருளுக்கு ஓர் இடம் என்னும் ஒன்றுக்கொன்று பொருத்தத்தைக் கண்முன் நிறுத்துகின்றது. மையத்திற்கு வரும் முட்டையோடு தொடர்புடைய பொருள் என்பதால் குழந்தைக்கு அது புதிதுமன்று. நாதசுவரக் கலைஞர் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனால் ஊர்ப்பெயர் இசையுலகில் நிலைபெற்றிருத்தலை எண்ணினால், ஒலி கேட்கும் களமும் இம்மண்ணுக்கு இயல்பானதே.

இப்பொருள்களுக்கு எல்லைகளும் உண்டு. பயன்படுத்திய முட்டை அட்டையில் நோய்க்கிருமி தங்கக்கூடும் என்பதால் முட்டை வைக்காத புதிய அட்டையே கொள்ளத்தக்கது. புளியங்கொட்டை, சவ்வரிசி முதலிய சிறு பொருள்கள் மூன்று வயதிற்குட்பட்டோர் வாயிலும் மூக்கிலும் இட்டுக்கொள்ளும் இடர் உடையவை. இரண்டு வயதுக் குழந்தையும் ஐந்து வயதுக் குழந்தையும் ஒரே அறையில் இருக்கும் மையத்தில், உள்ளூர்ப் பொருள் என்பதாலேயே ஒன்று நற்பொருள் ஆகிவிடாது.

இதனினும் ஆழமான ஐயம் ஒன்றுண்டு. மஞ்சள் விளையும் ஊரில் குழந்தைக்கு மஞ்சளையே விளையாட்டுப் பொருளாகத் தருதல், பெற்றோர் தொழிலையே பிள்ளைக்கும் விதிப்பதாகாதா? 1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், அரைநாள் பள்ளியும் எஞ்சிய நேரம் குடும்பத் தொழிலும் எனக் குழந்தைகளைப் பிரித்தபோது, குலக்கல்வித் திட்டம் என்று எதிர்க்கப்பட்டது. 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. இந்நினைவுடைய தமிழ்ச் சமூகத்தில் 'உள்ளூர்ச் சூழல்சார் கல்வி' என்னும் தொடரை ஐயுறுதல் நியாயமானதே. களைபறிப்பவர் மகள் விளையாட்டிலும் களைபறிப்பவளாகவே இருப்பின் அது கல்வி ஆகாது.

விடை, பொருளில் இல்லை. அப்பொருளைக் கொண்டு குழந்தை எவ்வேடத்தை ஏற்கலாம் என்பதில் உள்ளது. குலத்தொழிலில் வேடம் பிறப்பால் வாய்ப்பது. விளையாட்டுக் களத்தில் வேடம் நொடிதோறும் மாறுவது. ஏலக்களம் ஒன்றை நடிக்கும் குழந்தைகளுள் மூட்டை சுமப்பவரின் மகள் ஏலம் கூறலாம்; தராசைப் பிடிக்கலாம்; கணக்கு எழுதுவதாகக் கிறுக்கலாம்; மறுநாள் அவளே மருத்துவர். விளையாட்டில் குழந்தை தன் வயதினும் ஒரு தலை உயர்ந்து நிற்கின்றது என்று வைகாட்ஸ்கி கருதியதன் பொருளும் இதுவே. ஆகவே உள்ளூர்ப் பொருளும் ஊருக்கு அப்பாற்பட்ட வேடமும் ஒரே களத்தில் இணைதல் வேண்டும். மஞ்சளுக்கு அருகே மருத்துவரின் செவிக்குழல் பொம்மையும், கடிதப் பையும், கடல் பற்றிய கதை நூலும் இருக்கும்போதே அக்களம் குலக்கல்வியினின்று விலகுகின்றது.

7. காட்சிப் பொருளும் கைப்பொருளும்

கற்றல் பகுதிகளை மதிப்பிடும் கருவிகளுள் தெல்மா ஹார்ம்ஸ், ரிச்சர்டு கிளிஃபோர்டு ஆகியோர் 1980இல் வெளியிட்ட அளவுகோல் உலக அளவில் அறியப்பெற்றது. அதன் வழியில் சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தமிழகச் சூழலுக்கேற்ற ஓர் அளவுகோலை உருவாக்கியது. இத்தகைய கருவிகள் தரம் என்னும் சொல்லுக்கு உருவம் தந்தன. ஆயின் நிருவாகத்தின் கைக்குச் செல்லும்போது எந்த அளவுகோலும் எண்ணிக்கைப் பட்டியலாகச் சுருங்கும் இயல்புடையது. எத்தனை பகுதிகள் உள்ளன, எத்தனை பொருள்கள் உள்ளன என்று எண்ணுதல் எளிது. ஒரு குழந்தை அவற்றுள் எதனைத் தானே எடுத்தது என்று காணுதல் அரிது. சுவரில் தீட்டிய யானையும் எழுத்து அட்டவணையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொம்மையும் மேற்பார்வைக்கு வருபவர் கண்ணை நிறைக்கும். குழந்தையின் கையை நிறைக்கா.

பொருள் ஏன் கைக்கு வருவதில்லை என்பதற்குப் பணியாளரின் அக்கறையின்மையைக் காரணமாகக் கூறுதல் மேலோட்டமானது. இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் உடைந்தாலோ தொலைந்தாலோ விடை கூற வேண்டியவர் தாமே என்று எண்ணும் பணியாளர், அதனைப் பூட்டி வைத்தலே இயல்பு. பாதுகாப்பாக வைத்திருப்பதற்கு நற்பெயரும், தேய்ந்துபோகப் பயன்படுத்தியதற்கு விளக்கம் கேட்பும் கிடைக்கும் முறைமையில் பூட்டு ஓர் அறிவார்ந்த முடிவேயாகும். உள்ளூர்ப் பொருளின் உண்மையான சிறப்பு இவ்விடத்தில் விளங்குகின்றது. மஞ்சள் கிழங்கும் தேங்காய்ச் சிரட்டையும் மரத்துண்டும் பதிவேட்டில் ஏறுவதில்லை. அவை உடையலாம், தொலையலாம், வீட்டிற்குச் செல்லலாம். தொலையத் தக்க பொருளே அச்சமின்றிக் குழந்தையின் கைக்கு வருகின்றது. பண்பாட்டுப் பெருமிதத்தைக் காட்டிலும் இக்காரணமே வலிமையானது. அரசு வழங்கும் விளையாட்டுப் பொருள்களுக்கும் ஆண்டுதோறும் இத்துணை விழுக்காடு தேய்மானம் உண்டு என்று விதியாக ஏற்பின், பூட்டிய பேழைகள் தாமே திறக்கும்.

அடுத்த தடை ஆள். ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் உள்ள மையத்தில் உதவியாளர் சமையலில் இருப்பார். பணியாளர் பதிவேடுகளையும் போஷன் டிராக்கர் செயலியையும் பார்க்க வேண்டியிருக்கும். ஐந்து களங்களில் பரவிய குழந்தைகளைப் பார்க்கும் கண் இல்லாதபோது, அனைவரையும் ஓரிடத்தில் அமர்த்திப் பாட்டுச் சொல்லித் தருதலே பாதுகாப்பான வழியாகின்றது. அலெஹாந்திரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்சு ஆகியோர் தமிழக அங்கன்வாடிகளில் நடத்திய ஆய்வு இதற்குச் சான்றாகும். முன்பருவக் கல்விக்கென ஒரு பகுதிநேரப் பணியாளரைக் கூடுதலாக அமர்த்தியபோது கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது, குழந்தைகளின் மொழி, கணிதத் திறன்கள் மேம்பட்டன, சத்துக்குறையும் குறைந்தது. அறையின் அமைப்பை மாற்றச் சொல்லும் ஆவணம் ஆளை அளிப்பது குறித்துப் பேசாதாயின், அது பணியாளரின் சுமையில் மேலும் ஒரு வரியைச் சேர்க்கின்றதேயன்றி வேறில்லை.

மூன்றாவது தடை பெற்றோரின் எதிர்பார்ப்பு. குறிப்பேட்டில் எழுத்து இருப்பதையே படிப்பின் அடையாளமாகக் கொள்ளும் பெற்றோரை அறியாமையுடையோர் என்று ஒதுக்குதல் கல்வியாளரிடம் காணப்பெறும் குறையாகும். ஏழைப் பெற்றோர் ஆங்கில மழலையர் பள்ளியை நோக்கிச் செல்வதற்குக் காரணம், தம் பிள்ளை பின்தங்கிவிடும் என்னும் அச்சமே. தமிழக அரசின் 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்னும் பாடத்திட்டம் விளையாட்டுவழிக் கல்வியை முன்வைத்தபோதும், விளையாட்டு எவ்வாறு கல்வியாகின்றது என்பதைப் பெற்றோர்க்கு அவர்தம் மொழியில் விளக்கும் பணி எஞ்சியுள்ளது. இங்கும் களம் உதவும். விரலியையும் உருண்டையையும் குழந்தை பிரித்து வைத்திருப்பதைக் காணும் தாய்க்கு, அது வெறும் விளையாட்டு அன்று என்பதை நெடிது விளக்க வேண்டியதில்லை. அப்பிரிப்பின் அருமையை அவர் தொழிலால் அறிவார். அதுவே எண்ணுக்கும் எழுத்துக்கும் முன்னிலை என்பதை மட்டும் பணியாளர் இணைத்துக் கூறினால் போதும்.

8. முடிவுரை

கற்றல் பகுதி என்னும் கருத்து, குழந்தையின் தேர்வை மதிக்கும் கல்விச் சிந்தனையிலிருந்து தோன்றியது. தமிழக அங்கன்வாடியில் அது 'மூலை' என்னும் பெயரோடு, அறையின் ஓரத்திற்கும் பட்டியலின் எண்ணிக்கைக்கும் சுருங்கும் இடர் உள்ளது. மரபிலக்கியத்தின் சிற்றிலும் சிறுசோறும் அக்கருத்திற்குத் தமிழ் வேர்களைத் தருகின்றன. உடன் அவை சுமந்துவரும் ஆண் பெண் எல்லை நீக்கத்தக்கது. 35 சதுர மீட்டர் அறையில் நிலைத்த பிரிப்பினும், பாயாலும் கோட்டாலும் நேரத்தாலும் விரிந்து சுருங்கும் களமே பொருந்தும். நாமகிரிப்பேட்டையின் மஞ்சளும் முட்டை அட்டையும் அக்களத்திற்கு உரியனவாவது, அவை உள்ளூரின என்பதால் அன்று. அச்சமின்றிக் கையாளத் தக்கன என்பதாலும் பெற்றோர் அறிவோடு பொருந்துவன என்பதாலுமேயாகும்.

இவற்றின் அடிப்படையில், மையங்களை மதிப்பிடுவோர் பகுதிகளை எண்ணும் முன் மூன்று வினாக்களை எழுப்புதல் தகும். குழந்தை தானே எடுத்த பொருள் எது? அது உடைந்தால் விடை கூற வேண்டியவர் எவர்? குழந்தை ஆடும் நேரத்தில் அதனைக் காண ஓய்வுடைய பெரியவர் எத்துணைப் பேர்? முதல் வினாவிற்கு விடை அறையின் அமைப்பில் உள்ளது. எஞ்சிய இரண்டிற்கும் விடை பதிவேட்டு விதியிலும் நிதி ஒதுக்கீட்டிலும் உள்ளது. எனவே வகுப்பறை வடிவமைப்பு என்பது பணியாளர் ஒருவரின் அழகுணர்வைச் சார்ந்த பணி எனக் கருதப்படுதல் பொருந்தாது. வட்டார விளையாட்டுப் பொருள்களைத் தொகுத்து வயதுவாரியாகப் பாதுகாப்பு நோக்கில் வகைப்படுத்துதல், ஒரே அறை நாள் முழுதும் எவ்வாறு பயன்படுகின்றது என்பதை நேர அடிப்படையில் பதிவு செய்தல் ஆகியன இத்துறையில் தமிழ் ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க அடுத்த பணிகளாகும்.